குழாய்க்குள் விழும் கயிற்றின் நிழல்

ஒரு டஜன் துப்பாக்கிகள் ஒரே இடத்தில் வளைந்திருக்க முடியாது. முகமது யாசினுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்றாவது குழாயைக் கண்ணில் வைத்தபோது, இரண்டாவது குழாயில் வளைவு எங்கே வந்து நின்றதோ, சரியாக அதே இடத்தில் இதிலும் நின்றது.

எல்லாம் பலூன் சுடும் கடை ஏர்கன்கள். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் கடை போடும் ராஜாமணி, ஆடி பிறந்ததும் அவற்றைச் சாக்கில் கட்டி வில்லியனூருக்கு எடுத்து வருவார். யாசின் வீட்டின் பின்னறைதான் பட்டறை. குழாயை மடக்கித் திறந்து வைத்திருக்கும்போது யாராவது விளையாட்டாக விசையை இழுத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குழாயை அறைந்து மூடும். அந்த ஓர் அறையில் குழாய் மயிரிழை அளவு மேலே வளைந்துவிடும். பிறகு சிவப்புப் பலூனுக்குக் குறி வைத்தால் குண்டு பின்னாலிருக்கும் தகரத்தில் போய் மோதும். வெறும் கண்ணுக்கு இந்த வளைவு தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது நிழல்.

மேற்கு ஜன்னலின் குறுக்கே ஒரு கறுப்புக் கயிற்றை விறைப்பாகக் கட்ட வேண்டும். கழற்றிய குழாயின் ஒரு முனையை ஜன்னலுக்கு நீட்டி, மறுமுனையைக் கண்ணில் வைத்துப் பார்த்தால், கயிற்றின் நிழல் குழாயின் வழவழப்பான உள்சுவரில் ஒரு மெல்லிய கோடாக நீண்டு கண் வரைக்கும் வரும். குழாய் நேராக இருந்தால் கோடும் நேராக இருக்கும். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே இரும்பு வளைந்திருக்கிறது. அந்த இடத்தை இரண்டு மரக்கட்டைகளின் நடுவில் வைத்து, செம்புச் சுத்தியால் மெதுவாகத் தட்டிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதை யாசினுக்கு எந்த உஸ்தாதும் சொல்லித்தரவில்லை. ஒரு கதையில் படித்தது. பாகூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்த வயதில், கலியபெருமாளின் முடிவெட்டும் கடையில் கிடந்த ஏதோ ஒரு பழைய வாரப் பத்திரிகையில் வந்த சிறுகதை. தலைப்பு ஞாபகமில்லை. எழுதியவர் பெயரும் இல்லை. துப்பாக்கி செய்யும் கொல்லன் ஒருவன், ஒரு ஜன்னல், ஒரு கயிறு. எத்தனை தட்டினாலும் ஒரு வளைவு மட்டும் போகாமல், ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் அவன் கண்ணை நோக்கி நகர்ந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனைவி ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். பிறகு எங்கேயோ அவள் பேச்சு நின்றுவிடும். ஏன் நின்றது என்பதுதான் மறந்துவிட்டது.

கண்ணில் புரை விழுகிறதோ என்று யாசின் முதலில் பயந்தான். கதவோரம் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்த மனைவி ரூபினாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கோடு நேராத்தாங்க வருது. பாதியில மட்டும் ஒதுங்கிப் போவுது. நடுவுல யாரோ நிக்கறாங்க, அவங்களைச் சுத்திக்கினு போற மாதிரி."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் குழாயை வாங்கி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு பட்டறையில் இருப்பு கொள்ளவில்லை. காற்றே இல்லாத பிற்பகலில் ஜன்னல் கயிறு மட்டும், யாரோ விரல் நுனியால் வருடிவிட்டதுபோல, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ரீங்கரித்தது. எண்ணெய் வாசனைக்கும் துரு வாசனைக்கும் அடியில் இன்னொரு வாசனை, பல வருஷம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே அந்தக் குளிர்ந்த வாசனை, முதல் நாள் ஜன்னலருகில் மட்டும் இருந்தது, மறுநாள் மேசைக்கு வந்தது. நான்காவது குழாயில் வளைவு பாதியைத் தாண்டியிருந்தது. தட்டினான். நகர்ந்தது. இன்னொரு தட்டு. இன்னும் கொஞ்சம். கண்ணை நோக்கி. சுத்தியைக் கீழே வைத்தான்.

அந்தக் கதையின் முடிவு அவனுக்குத் தேவைப்பட்டது. ரூபினா ஓயாமல் பேசுகிறவள்.

குழாய்களைத் தொடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, பாகூருக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தான். ராஜாமணி அண்ணன் காலையிலிருந்து போன் மேல் போன் போடுகிறாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். உறுவையாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்றங்கால். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மின்கம்பிகளின் நிழல்கள் ரோட்டின் குறுக்கே நேர்கோடுகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது, எதுவும் நெளிகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டே போனான்.

கலியபெருமாள் அதே கடையில்தான் இருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கண்ணாடியில் யாசினின் வழுக்கையைப் பார்த்ததும் துண்டை உதறினார்.

"இன்னா பாய், வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லாம வந்துகீற? துடைச்சி வுடணும்னா அரை ரேட்டு."

யாசின் சிரிக்க முயன்றான். கதையைப் பற்றிக் கேட்டான். பத்திரிகைகளெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டன என்றார் அவர். துப்பாக்கி, கொல்லன், ஜன்னல் கயிறு என்று சொன்னதும் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கதையை அவர் படித்ததே இல்லையாம். ஆனால் அதன் கடைசிப் பக்கத்தைக் கத்தி வைக்கும் இழுப்பறைக்கு அடியில் விரித்திருந்தார். இழுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அது நைந்து பொடியாகிப் போகும் வரைக்கும் எத்தனை வருஷம் படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. முதலும் நடுவும் யாசினிடம் இருந்தன, முடிவு அவரிடம்.

"சொல்லுங்கண்ணே."

"அது ஒண்ணும் நல்ல பக்கம் இல்ல பா," என்றார். ஆனாலும் சொன்னார்.

கொல்லன் கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறானாம். நிழல் இரண்டு காரணங்களால் வளையும். அது விழுகிற இடம் வளைந்திருக்கலாம், இல்லையென்றால் வெளிச்சத்துக்கு நடுவில் ஏதாவது நின்றிருக்கலாம். அவன் முதல் காரணத்தை மட்டுமே நினைத்துத் தட்டியிருக்கிறான். இரும்பில் கோணலே இல்லை. அவன் தட்டிய ஒவ்வொரு தட்டும், கதவைத் தட்டியதுபோல, வெளியில் நின்றதை ஓர் அடி உள்ளே கூப்பிட்டிருக்கிறது.

யாசினின் போன் அடித்தது. ரூபினா. வீடியோ அழைப்பு.

அவள் போனை மேசையில் இருந்த இரும்புப் பிடிப்பான் வைஸின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். முகம் முழுக்கப் பெருமை. பின்னால் பட்டறைச் சுவரில் சாயங்கால வெயில் செம்மண் நிறத்தில் விழுந்திருந்தது.

"திட்டாதீங்க. ராஜாமணி அண்ணன் வண்டியே அனுப்பிட்டாரு. நான்தான் ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தேன். கடைசி துப்பாக்கியில ஒரே ஒரு தட்டுதாங்க. வளைவு என் கண்ணுகிட்ட வரைக்கும் வந்துச்சி, அப்புறம் காணோம். இப்ப எல்லாத்துலயும் கோடு நூல் புடிச்ச மாதிரி நேரா வருது."

"ரூபி. வெளிய வா. இப்பவே."

"இருங்க, காட்டறேன். நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க, உங்களவிட நல்லா…"

கலியபெருமாள் நிறுத்தவில்லை. மனப்பாடமானதை ஆரம்பித்தால் பாதியில் விட முடியாதவர்போல, கண்ணாடியைப் பார்த்தபடி, இப்போது அச்சில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். கோடு நேரானதும், வந்தது போய்விட்டது என்று கொல்லன் மகிழ்ந்தான். அதுதான் அவன் செய்த பிழை. வளைவு குழாயை விட்டுப் போய்விடவில்லை. குழாயைத் தாண்டி, கண் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டது.

யாசின் திரையைப் பார்த்தான். ரூபினா எழுந்து நின்று குழாயைத் தூக்கிப் பிடித்தாள். சுவரில் ஜன்னல் கயிற்றின் நிழல். இடது ஓரத்திலிருந்து நேராக வந்தது. அவள் தலைக்கு மேலே வந்தது. அவளைத் தாண்டியது.

அவளுடைய வலது தோளுக்கு அருகில், வெறும் காற்று மட்டும் இருந்த இடத்தில், கோடு மெல்ல மேலே ஏறியது. உருண்டையான எதன் மீதோ படிந்து வளைந்தது. அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு சுவரின் கோடி வரைக்கும் நேராகப் போனது.

உருண்டை கொஞ்சம் சாய்ந்தது. அவள் காதை நோக்கி.

ரூபினாவின் பேச்சு நின்றுவிட்டது.

கலியபெருமாள் கடைசி வரிக்கு வந்திருந்தார். "அது எங்கே நிற்கிறது என்று அறியக் குழாய் தேவையில்லை. சுவரில் கயிற்றின் நிழல் எங்கே வளைகிறதோ, அங்கே நிற்கிறது."