முப்பது பேருக்கு ஒரே வாய்

ஆய்வகப் பெண் வந்து உட்கார்ந்தபோது காலை மணி பத்து. பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடி அவளை வேலையை விட்டு நீக்கப் போகிறது. அதை அவள் அழாமல் சொன்னாள். அழுவதற்குப் பதிலாக ஒரு கட்டுக் காகிதத்தை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"முதியோர் இல்லத்துல முப்பது பேர் சார். அவங்க வாயில என்னென்ன கிருமி குடியிருக்குன்னு ஆராய்ச்சி. பல்லுல படிஞ்சிருக்கிறதைச் சுரண்டி, குழாய்ல போட்டு அனுப்புவாங்க. நான் தட்டுல வளர்த்துப் பார்ப்பேன். போன வாரம் திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் தினம் அஞ்சு. முப்பதுலயும் ஒரே கிருமிக் கூட்டம்! புருஷன் பெண்டாட்டிக்கே ஒரே மாதிரி இருக்காது சார். நான்தான் கை கழுவாம எல்லாத்தையும் கலந்துட்டேனாம். அசுத்தம் பிடிச்சவள்னு எங்க பல் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. பதினாலு வருஷ வேலை. வீட்டுல சம்பாதிக்கிறதும் நான் ஒருத்திதான்."

எதிரே இருந்தவரை எல்லோரும் 'தண்ணி ஆபீசர்' என்பார்கள். குடிநீரை நுண்ணோக்கியில் பார்த்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், இப்போது வீடு தேடி வரும் சிக்கல்களைத் துப்பறிகிறவர். கிருமிகள்மேல் அவருக்கு மரியாதை உண்டு. மனிதர்களில் பாதிப் பேர்மேல் அது கிடையாது. பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. கண்ணில் முதலில் படுகிறவர்மேல் சந்தேகப்படுவதுதான் துப்பறிதல் என்று நம்புகிறவர்.

"நீ கலக்கலைன்னு எப்படிம்மா சொல்றே?" என்று கேட்டார் ஆபீசர்.

"தினமும் ஒரு குழாயை எதுவும் போடாம வைப்பேன் சார். என் கையிலேர்ந்து ஒட்டியிருந்தா அதுலயும் வளரணும். ஆறும் சுத்தம். காட்டினேன், பெரிய டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கல."

"குழாய் யார் யார் கை மாறும்?"

"எடுக்கிறது பெரிய டாக்டரோட மாப்பிள்ளை, அவரும் பல் டாக்டர். கொண்டு வர்றது டிரைவர். செவ்வாய் வரைக்கும் ஒருத்தர், புதன்லேர்ந்து வேறொருத்தர்."

"கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதானா?"

"வெள்ளி, சனியில எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சது. ரகம் மட்டும் அதேதான். ஈறு அழுகின வாயில வர்ற ரகம்."

முதியோர் இல்லத்தில் பட்டியலின் பதினோராம் எண் பெரியவர் அவர்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். நிறைய என்றாலும் உள்ளே ஒரு பல்கூட இல்லை. பொய்ப்பல்லும் கட்டிக்கொள்ளவில்லை.

"டாக்டர் தம்பி வந்தாரே! மூக்குல கைக்குட்டையை வெச்சிக்கிட்டே நின்னாரு. வாயைத் திறன்னாரு, மூடுன்னாரு. வேற என்னத்தைக் கண்டேன்?"

இங்கே யாருக்காவது போன வாரம் புதிதாக மருந்து கொடுத்தீர்களா என்று ஆபீசர் இல்லத்து நர்ஸிடம் கேட்டார். இல்லை என்றாள்.

வண்டியில் ஏறியதும் மைத்துனர் பொங்கினார். "அத்தான், டிரைவர்தான்! வழியில குழாயை மாத்திட்டான்!"

"எந்த டிரைவர்? ரெண்டு பேர் இருக்காங்க."

மைத்துனர் நோட்டை மூடிக்கொண்டார்.

பல் மருத்துவமனையில் மாப்பிள்ளை டாக்டரின் அறையில் பினாயில் வாசனையைவிட அத்தர் வாசனை தூக்கலாக இருந்தது. கட்டை விரலில் கட்டு. வந்தவர்களை உட்காரச் சொல்லத் தோன்றாத மனிதர், அவர்கள் எதிரிலேயே ஒரு கேப்ஸ்யூலை விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"போன வாரம் புதன் சாயங்காலம் வீட்டு நாய் கடிச்சிடுச்சு. வியாழன்லேர்ந்து பத்து நாள் ஆன்டிபயாட்டிக், நாளையோட முடியுது. அந்தப் பொண்ணு விஷயமா வந்தீங்களா? கைச்சுத்தம் இல்லாதவங்களை எல்லாம் ஆய்வகத்துல வெச்சா இப்படித்தான்."

ஆபீசர் மைத்துனரின் நோட்டை வாங்கி 'வியாழன்' என்று குறித்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்குப் பெரிய டாக்டரின் அறையில் ஐந்து பேர் கூடினார்கள். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார். ஏழைகளின் நேரத்தை வீணாக்கிப் பழகியவருக்குத் தன் நேரம் மட்டும் பொன்னாக இருந்தது.

"வெறுங்குழாய் ஆறும் சுத்தமா இருக்கு. அதனால ஆய்வகத்துல கலக்கல" என்று தொடங்கினார் ஆபீசர். "வாய்ங்கிறது ஒரு ஊர் மாதிரி. நாக்குல குடியிருக்கிற கூட்டம் வேற, பல்லுல குடியிருக்கிற கூட்டம் வேற. பல்லுக் கூட்டத்துக்குக் கெட்டியான தரை வேணும். பதினோராம் நம்பர் பெரியவருக்கு ஒரு பல்லும் இல்ல. ஆனா அவர் பேர் போட்ட குழாய்ல பல்லுல மட்டும் வாழற கிருமி கோடிக்கணக்குல! எதைச் சார் சுரண்டினீங்க?"

மாப்பிள்ளை டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "டிரைவர் மாத்தியிருப்பான்."

"டிரைவர் புதன்கிழமை மாறினார். வாய் மாறலையே. வெள்ளிக்கிழமை அந்த வாய்ல கிருமி குறைஞ்சுது. வியாழக்கிழமை மருந்து ஆரம்பிச்ச வாய் அது. இல்லத்துல யாரும் புது மருந்து சாப்பிடல. நீங்க சாப்பிட்டீங்க." ஆபீசர் பையிலிருந்து ஒரு புதுக் குழாயை எடுத்து நீட்டினார். "சந்தேகம்னா இதுல துப்புங்க. அந்தப் பொண்ணு வளர்த்துப் பார்த்துச் சொல்லட்டும்."

மாப்பிள்ளை டாக்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு அது தானாகத் திறந்தது.

"அந்தக் கிழங்க வாயிலெல்லாம் கை விடவா நான் இவ்வளவு படிச்சேன்? நாத்தம் குடலைப் புடுங்குது! யாரோட அழுக்கா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானேன்னு என் பல்லுலயே எடுத்தேன்!"

"நாத்தம் உங்க வாயிலதான் சார். ஈறு அழுகுது. நல்ல பல் டாக்டரா பார்த்துக் காட்டுங்க."

மைத்துனர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவர் குரலில் திடீரென்று தேன் சொட்டியது.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. நீ நாளையிலேர்ந்து வழக்கம்போல வேலைக்கு வா. மாதிரி கெட்டுப்போச்சுன்னு பொதுவா எழுதிடலாம். குடும்ப மானம் பாரு."

ஆய்வகப் பெண் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். 'முப்பது மாதிரிகளும் என் நேரடிப் பார்வையில் எடுக்கப்பட்டன' என்ற வரியின் கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து அழகாகச் சுழித்துக்கொண்டிருந்தது.

"உங்க குடும்பத்துக்கு மட்டும்தான் மானமா சார்?" என்றாள். "இதைக் குழுகிட்ட கொடுக்கப் போறேன். அசுத்தம் பிடிச்சவள்னு எங்க சொன்னீங்களோ, அங்கேயே வந்து இல்லைன்னு சொல்லுங்க. முப்பதையும் திரும்ப எடுத்தாகணும். மாமனாரும் மாப்பிள்ளையுமே போய் எடுங்க. பக்கத்துல நின்னு பார்த்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

மூன்று மணிக்குக் குழுவின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் முதலில் உள்ளே போனாள்.