அறுபது அடிக் கிணறு

வக்கீல் கோட்டு மாட்டி ஒன்றரை வருடம். சீனியர் என்னை நம்பி முழுதாகக் கொடுத்த முதல் வழக்கு இது. தோற்றால் பழையபடி வாய்தா வாங்கத்தான் அனுப்புவார். திருச்சுழிக்குத் தெற்கே அரசுக்காக வெட்டிய குடிநீர்க் கிணறு. அறுபது அடி தோண்டினேன் என்றார் என் கட்சிக்காரர், காண்ட்ராக்டர் செல்வதுரை. நாற்பதுதான் இருக்கிறது என்று ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். நாளை மனுத் தாக்கல். நானே அளக்காமல் எழுத மாட்டேன் என்று வீம்பாக வந்திருந்தேன்.

உச்சி வெயில். கருவேலங்காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வறண்ட கிணற்றுக்குள்ளிருந்து ஈர மண் வாடை வந்தது.

"எட்டிப் பாத்துட்டுப் போயிருவோம் மேடம்." செல்வதுரைக்கு வேர்த்து ஊற்றியது.

"அளக்காமப் போறதுக்கா மதுரையிலருந்து வந்தேன்?"

குண்டு கட்டி டேப்பை இறக்கினேன். நாற்பதில் தரை தட்டியது. போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டேப் மறுபடி ஓடியது.

நாற்பத்தைந்து. ஐம்பது. உள்ளங்கை எரிந்தது.

அறுபதில் நின்றது.

கீழேயிருந்து இரண்டு முறை சுண்டி இழுத்தார்கள்.

செல்வதுரை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "டேப்பு முனையப் பிடிச்சாச்சுன்னா இருளாண்டி இப்பிடித்தான் ரெண்டு தடவ சுண்டுவான்."

"யாரு இருளாண்டி?"

"கெணறு வெட்ட வந்தவன். அறுபது அடியில நிக்கயில மண்ணு சரிஞ்சிருச்சு. ஜெயிலுக்குப் பயந்து நான் அவன எடுக்கல மேடம். மேல மண்ணக் கொட்டிட்டேன். எங்கயோ ஓடிப்போயிட்டான்னு அவன் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்."

கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அறுபது என்று எழுதினால் ஜெயித்துவிடலாம். ஒரு நிமிடம் அதற்கு ஆசைப்பட்டேன், வெட்கம்கெட்டு.

டேப்பை இழுத்தேன். வரவில்லை. கீழே யாரோ வலுவாகப் பிடித்திருந்தார்கள்.

"நீங்களே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க சார். இல்லன்னா இந்த வழக்கு எனக்கு வேண்டாம்."

அவர் கிணற்றுக்குள் குனிந்து கதறினார். "சொல்லிர்றேன்டா! விட்ருடா!"

விடவில்லை. டேப்தான் அறுந்தது.

செல்வதுரை சரணடைந்தார். என் வழக்கும் அதோடு முடிந்தது. நாலு நாள் தோண்டி, அறுபதாவது அடியில் இருளாண்டியை எடுத்தார்கள்.

"மண்ணு மூடி மூணு மாசம் ஆச்சு. உங்க டேப்பு அவன் கைக்குள்ள எப்பிடிம்மா போச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பிணவறையில் அந்த விரல்களை இன்னும் யாராலும் பிரிக்க முடியவில்லை.