முப்பதாவது கையெழுத்து

நகராட்சிக் கூடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் டோக்கன் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும் சத்தம் கேட்டது.

ஃபென்னா கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலிகள், தரையெல்லாம் குடைகள் சொட்டிவிட்டுப் போன ஈரம், காலையில் யாரோ கொட்டிய காபியின் பழைய வாசனை. தூணுக்குப் பின்னால் ஒரு பழுப்பு மழைக்கோட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. தன் எண்ணைக் கூப்பிடும் வரை அந்த ஓரம் அசையவே இல்லை. கூப்பிட்டதும் வந்து நின்றவர், போன வாரம் அவளுடைய மகன் யோரிட்டுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரர்.

அவர் பாஸ்போர்ட்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டார், பேனாவைக் கைக்குட்டையால் துடைத்து வைத்தார். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது இருபத்தொன்பதாவது கையெழுத்து.

தேர்தலில் நிற்கும் எந்தப் புதுக் கட்சிக்கும், தொகுதி வாக்காளர் முப்பது பேர் நகராட்சிக்கு நேரில் வந்து ஆதரவுக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்சிக்கு ஒரே கொள்கைதான்: பெரியவர்கள் குழந்தைகளைத் தொடுவது குற்றமாக இருக்கக் கூடாது. அதற்கு 'அன்பின் சுதந்திரம்' என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். பெயர் வைப்பதில் மட்டும் இந்த மாதிரி ஆட்களுக்குக் குறையே கிடையாது.

மூன்று வாரம் முன்பு பிரிவுத் தலைவர் கெர்பிராண்ட் கறுப்பு மிட்டாயை மென்றபடி சிரித்தார்.

"முப்பது பேரா? நம்ம வெஸ்டர்ஹெய்ல்ல மூணு பேரு வரட்டும் பாப்போம். சட்டப்படி கவுண்டரைத் தொறந்து வைப்போம், ஈ ஓட்டுவோம், கடைசி நாள் மூடிட்டுப் போவோம். நம்ம கையும் சுத்தம், ஊரும் சுத்தம்."

இந்த நாட்டுக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டால் பாவம் ஒட்டாது என்று நினைப்பார்கள். ஃபென்னாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் வந்தார்கள். கூட்டமாக இல்லை, ஒவ்வொருவராக, இருட்டிய பிறகு, வியாழக்கிழமை மாலைகளில். கொம்பு முளைத்தவர் ஒருவரும் இல்லை. தேவாலயப் பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்பவர், மிதிவண்டிக்கு ஒட்டுப்போடுபவர், அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். நனைந்த கம்பளியும் புதினா மிட்டாயும் மணக்க வந்து, தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. இந்தக் கட்சியை எதிர்த்து நகராட்சி வாசல் சதுக்கத்தில் பெற்றோர்கள் பதாகைகளோடு கத்திக்கொண்டிருந்தார்கள், 'எங்கள் பிள்ளைகளைத் தொடாதே' என்று. அந்தக் கூட்டத்தில் பதினோராவது கையெழுத்துக்காரரும் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அவருடைய குடைக்குள் ஒண்டியிருந்தாள். பெயரை வெளியே சொன்னால் ஃபென்னாவின் வேலை போகும். அவள் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் அவளுடைய தம்பி சீட்சேயும் இருந்தான். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவன், அம்மாவின் சாவுக்குக்கூட வராதவன், இப்போது வடக்கிலிருந்து ரயிலேறி வந்து மூன்று வாரமாக மழையில் நிற்கிறான். கையில் பதாகை இல்லை, கோஷமும் போடுவதில்லை. செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஒரு காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இங்க எதுக்குடா வந்து நிக்கிற? அப்பா பாத்தா மனசு ஒடைஞ்சிடுவாரு."

"கையெழுத்து எத்தனை ஆச்சு?"

"சொல்லக்கூடாதுடா."

"சரி, சொல்லாத. வர்றவன் ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நல்லா பாத்துக்க." அவன் காபியைப் பார்த்தபடியே கேட்டான். "வியாழக்கிழமை நீ இங்க இருந்துடுற. யோரிட்டை யாரு பாத்துக்கிறா?"

"அப்பாதான். நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயி, முடிஞ்சதும் இங்க கொண்டுவந்து விடுவாரு."

அவன் காகிதக் கோப்பையை நசுக்கிப் பிடித்தான். சூடான காபி விரல்களில் வழிந்தும் அவன் கையை உதறவில்லை. வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"நாடகம் போடாதடா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்துவிட்டாள். அவள் அப்படித்தான் சொன்னாள்.

இன்று கடைசி வியாழக்கிழமை. எட்டு மணிக்குக் கதவை மூடிவிட்டால் இந்தத் தொகுதியில் அந்தக் கட்சி இல்லை. இன்னும் ஒரே ஒரு பெயர்தான் குறைகிறது. யாரும் வரக் கூடாது, கடவுளே, ஒருவரும் வரக் கூடாது என்று, எட்டு வருடமாகத் தேவாலயப் பக்கம் போகாதவள் வேண்டிக்கொண்டிருந்தாள். மழை வலுத்துச் சதுக்கத்துக் கூச்சல் மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் சூடேற்றும் குழாய்க்குள் தண்ணீர் 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு அடிக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. கூடத்து விளக்குகளில் பாதியைக் காவலாளி அணைத்துவிட்டுப் போனான். தூணின் நிழல் கவுண்டர் வரை நீண்டு கிடந்தது.

ஏழு நாற்பது. கதவு திறந்தது.

முதலில் வாசனைதான் வந்தது, நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை. பிறகு யோரிட்டின் ஈரத்தலை. அவன் கையைப் பிடித்தபடி அப்பா ஹார்மென். ஃபென்னாவுக்குப் போன உயிர் திரும்பியது. இருபது நிமிடம்தானே, இவர்கள் உட்கார்ந்திருக்கட்டும், மூடிவிட்டுச் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.

அப்பா டோக்கன் இயந்திரத்தின் பக்கம் போனார். பொத்தானை அழுத்தினார். சீட்டைக் கிழித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகளைக் கூட்டிப்போக வந்தவருக்கு டோக்கன் எதற்கு?

அவள் எண்ணை அழுத்தவில்லை. ஏழு நாற்பத்திரண்டு. ஏழு நாற்பத்தைந்து. அப்பா அவளைப் பார்த்து, சின்ன வயதில் அவள் பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது பார்த்த அதே பொறுமையோடு புன்னகைத்தார்.

"நம்பரை அழுத்தும்மா ஃபென். விதின்னா விதிதான?"

விரல் அழுத்தியது. அவர் பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"புதுப்பிக்கணுமாப்பா? அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே."

"கையெழுத்துப் போட வந்தேன். ஒண்ணு கொறையுதுன்னாங்க."

கொறையுதுன்னாங்க. யார் சொன்னார்கள்? அந்தக் கணக்கு அவளுக்கும் அந்தக் கட்சிக்காரர்களுக்கும் மட்டுமே தெரியும்.

"அப்பா, இது எந்தக் கட்சின்னு..."

"தெரியாமலா வருவேன்? ஒரு கருத்து சொல்லக்கூட மனுஷனுக்கு உரிமை இல்லையா? உன்னை அப்படியா வளத்தேன்?"

"சீட்சே..." என்றாள்.

"அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான். எல்லாத்தையும் பெருசாக்குவான்."

மறுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. கை அதுபாட்டுக்குப் படிவத்தை எடுத்து வைத்தது. பேனா தாளில் உரசியது. அழகான கையெழுத்து, அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் இருந்த அதே கையெழுத்து.

தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம். விரல்களில் வழிந்த காபி. கடவுளே, அவள் அவனிடம் என்ன சொன்னாள்! வீட்டுப் பக்கமே வராமல் இருந்து, அதைத்தான் அவன் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் காது கொடுக்கவில்லை. காது கொடுக்காததோடு, பெற்ற பிள்ளையை வாராவாரம் தன் கையாலேயே கொண்டுபோய் ஒப்படைத்தாள்.

அவள் பக்கக் கதவைத் திறந்தாள்.

"யோரிட். உள்ள வா."

எட்டு வயதுப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று உயிரை எடுப்பவன். இப்போது ஏன் என்று கேட்கவில்லை. முதலில் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் வந்தான். கதவைத் தாழிட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் உடம்பு மரக்கட்டை போல நின்றது.

"இங்கயே இரு கண்ணா. அம்மா இருக்கேன்."

அவன் யாரும் சொல்லாமலே ஷூக்களைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தான். மேஜைக்கு அடியில் நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். கண்களை இறுக மூடிக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. ஃபென்னா மண்டியிட்டுக் குனிந்தாள்.

அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அழவில்லை. நன்றாகப் பழகிய பாடத்தைச் சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

"யோரிட்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"நூறு வரைக்கும் எண்ணினா முடிஞ்சிடும்மா."

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.