கிளாஸியா, மேட்டா?

"என்னாலா இது? என் மூஞ்சி மங்கிப்போய் கெடக்கு!"

வெளியே லுக்குட் கடைத்தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பூப்போட்ட நீலக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, போட்டோ கடையின் கண்ணாடி மேசைமேல் உறையைப் பிரித்த மரியகொரெட்டிக்கு அப்படியொரு கோபம்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் ஹரோல்ட். போன சனிக்கிழமை அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தவன். "கொஞ்சம் சிரிங்க... அவ்ளோ வேணாம்... ஆ, இப்ப!" என்று பாடாய்ப் படுத்தியவன். அவன் கண்களில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்களைப் பார்த்தால் சண்டை போட வராது. அதனால் அவள் படத்தைப் பார்த்தபடியே சண்டை போட்டாள்.

"மங்கிப்போகலங்க. இது மேட் பேப்பர். மினுக்காது, அவ்ளோதான்."

"எங்கம்மா கிளாஸின்னுதானே சொன்னாங்க? பளபளன்னு இருந்தாத்தான் நான் செவப்பாத் தெரிவேனாம்."

"சைஸுகூடதான் எட்டு ஆர் கேட்டாங்க..."

"அதையும் கொறைச்சிட்டீங்க!"

"எட்டு ஆர் சொவத்துல மாட்டுறதுக்குங்க. மாப்பிள்ள வீட்டுக்கு அவ்ளோ பெருசா அனுப்புனா, பொண்ணு வீட்டுக்கு ரொம்ப அவசரம்னு நெனைப்பாங்க. மூணு ஆர் அனுப்புனா இஷ்டமில்லாம அனுப்புறோம்னு நெனைப்பாங்க. அஞ்சு ஆர்தான் சரி. மரியாதையா இருக்கும்."

கொரெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆளைப் பார், படத்தின் அளவுக்குக்கூட மரியாதை பார்க்கிறான்...

"சரி, சைஸ் இருக்கட்டும். பேப்பர ஏன் மாத்துனீங்க?"

"கிளாஸியில வெரல் பட்டா அப்படியே பதிஞ்சிரும். இந்த மாதிரி படம் பல கை மாறும் பாருங்க... அதான்."

அவள் சிரிப்பு அங்கேயே நின்றது.

பல கை மாறும்! அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் குடியிருந்த புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கும் முதலில் படம்தான் போகும். தலை முதல் கால்வரை தெரிகிற படம். பிடித்தால் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். பிடிக்காவிட்டால் படம் மட்டும் திரும்பி வரும். கொரெட்டியின் படம் இதற்குமுன் இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பியிருந்தது. அம்மா அதை வாங்கி அலமாரித் துணிகளுக்கு அடியில் வைப்பாள். அன்று முழுக்க வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள்.

"என் படம் பல கை மாறும்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?" படத்தை அவன் பக்கம் தள்ளினாள். "ஒரே வீட்டுக்குத்தான் போகுது. அங்கயே நின்னுரும். கிளாஸியில போட்டுக் குடுங்க."

"ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரலங்க..."

"போட்டுக் குடுங்க!"

 கடைக்குப் புதிதாக வந்திருந்த கலர் மெஷினில் அதே படத்தைக் கிளாஸியில் போட்டு, வெள்ளைக் கையுறையோடு ஓரத்தை மட்டும் பிடித்து நீட்டினான்.  அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை. வீம்பு!

படம், வரன் பார்த்துக் கொடுக்கும் பெட்ரிசியா ஆன்ட்டி கையோடு சிரம்பானுக்குப் போனது. மாப்பிள்ளை கேப்ரியலுக்கு பேங்கில் வேலை. அம்மா இரவெல்லாம் ஜெபமாலை உருட்டினாள்.

கொரெட்டி செனவாங்கில் மின்னணுப் பொருள் செய்யும் பேக்டரியில் வேலை பார்த்தாள். தினமும் பேக்டரி பஸ் லுக்குட் வழியாகத்தான் போகும். மறுநாள் அந்தப் போட்டோ கடையைக் கடக்கும்போது பார்த்தாள்... அவளுடைய நீலக் குடை கடை வாசலில் விரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து மாட்டியிருந்தான். அதற்கடுத்த நாளும் அங்கேயே தொங்கியது. முகம் தெரியாத கேப்ரியலைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில் அவள் குடையைப் பற்றி நினைத்தாள். குடையை மட்டுமா நினைத்தாள்? அதை அவள் தனக்குத் தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கி ஒரு வார்த்தை கேட்கலாம்தான். பல கை மாறும் என்று சொன்னவனிடம் போய் நிற்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பெட்ரிசியா ஆன்ட்டி உறையை அம்மாவின் கையில் வைத்தார். "நெறம் கொஞ்சம் கொறைச்சலாம்லா... வேற எடம் பாப்போம்."

வீட்டுக்கு வந்து கொரெட்டி உறையைத் திறந்தாள். பளபளத்த தாள் முழுக்க விரல்கள்... பெரிய விரல், சின்ன விரல். சேலையின்மேல் மஞ்சள் கறை. அவள் கன்னத்தின்மேல் யாரோ கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார்கள். வேண்டாமென்று சொன்னதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கட்டைவிரல்தான் வலித்தது.

"ஆறு காப்பி போட்டு வாங்கிட்டு வா. லாபு ஊர்ல ரெண்டு எடம், பிடி டவுன்ல நாலு எடம் இருக்காம்..." என்றாள் அம்மா, மகளின் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் மாலை கொரெட்டி லுக்குட்டில் இறங்கினாள். அன்றைக்கும் மழை. அவளுடைய நீலக் குடை வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையின் பின்கட்டில் சீன முதலாளி மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஹரோல்ட் மட்டும் நின்றான். அவள் படத்தை மேசைமேல் வைத்தாள்.

 அவன் பஞ்சை எடுத்தான். படத்தின்மேல் லேசாக ஊதி, ஒவ்வொரு விரல் தடமாகத் துடைத்தான். அவ்வளவு பதமாகத் துடைத்தான். தன் முகத்தையே யாரோ துடைத்துவிடுவதுபோல் இருந்தது அவளுக்கு. கண் நிறைந்தது.

"கன்னத்துல உள்ளது போகாதுங்க. எண்ணெய்க் கை."

"நீங்க சொன்னபடியே நடந்துருச்சு. சந்தோஷமா?"

"இல்லங்க." அவன் கண்களில் இன்று சிரிப்பு இல்லை. "எங்கக்கா படமும் இப்படித்தான் திரும்பித் திரும்பி வரும். ஒவ்வொரு தரமும் நான்தான் தொடைப்பேன். ஒரு தரம் அவ கண்ணுமேலயே ஒரு வெரல்... அழிக்கவே முடியல. அதப் பாத்து அவ அழுத அழுகை இருக்கே... ஒங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் மேட் போட்டேன். சொல்லத் தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அடப்பாவமே! இதற்கா இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு போனோம்? கொரெட்டிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா ஆறு காப்பி கேட்டாங்க... மேட்லயே போடுங்க."

அவன் நெகட்டிவை எடுத்தான். மெஷின் பக்கம் போகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"போட மாட்டேன்."

"என்னாது?"

"கடையில வேல பாக்குறவன் இப்படிச் சொல்லக்கூடாது. உள்ள இருக்குற மொதலாளி தவுக்கே காதுல விழுந்தா வேல போயிரும்." குரலைத் தாழ்த்தினான். "அந்த ஆறு வீட்டுக்கும் படம் போக வேணாம், கொரெட்டி. ஒங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்கம்மாவ ஒங்க வீட்டுக்கு வரச்சொல்லட்டுமா? அவங்க படம் கேக்க மாட்டாங்க..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதல்முறையாக நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள். அங்கே பயம் இருந்தது. வேண்டாமென்று திருப்பிவிடுவாளோ என்ற பயம்... அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். இன்னொருவர் கண்ணில் அதைப் பார்க்க அவளால் தாங்க முடியவில்லை.

"நெகட்டிவ் இவ்ளோ நாளா ஒங்ககிட்டதானே இருந்துச்சு? எத்தன காப்பி போட்டு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்லங்க. ஒங்களக் கேக்காம எப்படிப் போடுவேன்?"

அந்தப் பதிலில் அவள் மொத்தமாக விழுந்துபோனாள். மழைச் சத்தத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்குக் கேட்காது என்பதில் ஒரு நிம்மதி.

"அம்மாவ வரச்சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "அப்புறம்... ஒரே ஒரு காப்பி போடுங்க."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்லா!"

அந்தச் சிரிப்பு அவன் கண்களுக்குத் திரும்பி வந்தது. "என்னா சைஸு?"

"சட்டைப் பையில அடங்குற சைஸு."

"பேப்பர்? மேட்டா?"

"கிளாஸி. பளபளன்னு இருக்கணும்."

"வெரல் பதியுமே..."

"பதியட்டும்," என்றாள் கொரெட்டி, தலையைக் குனிந்துகொண்டு. "ஒரே ஆளு வெரல்தானே."