ஆறு விரல் இலை

மணமக்கள் மேல் போர்த்தியிருந்த திவைவைப் போர்வையில் ஓர் இலைக்கு மட்டும் ஆறு விரல் இருந்தது. மற்ற இலைகளுக்கெல்லாம் ஏழு.

அகாய்தி, சேம்பும் தேங்காய்ப்பால் மீனும் நிறைந்த தட்டைக் கையில் பிடித்தபடி பந்தலின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். மத்தியான வெயில், உக்குலேலே வாத்தியத்தின் சத்தம், மண்ணடுப்பிலிருந்து பன்றிக்கறி வாசனை, தலையில் பூவளையம் சூடிய பெண்களின் சிரிப்பு எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் மணப்பெண் வைனேயின் முழங்கால் மேல், வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்த பச்சைச் சீமைப்பலா இலைகளுக்கு நடுவே, அந்த ஒற்றை இலை ஒரு விரல் குறைவாகக் கிடந்தது. அது அங்கே இருக்க வழியே இல்லை. போன மழைக்காலத்தில் அகாய்தியின் தங்கையோடு குழிக்குள் போன இலை அது.

தங்கை மெரெயானா செய்த தப்புதான் அந்த இலை. துணியை எட்டாக மடித்துக் கத்தரித்தால் எல்லா இலையும் ஒரே அச்சில் விரியும். அன்றைக்கு மெரெயானா எதற்கோ சிரிக்கப்போய் அடி மடிப்பு நழுவிவிட்டது. வேறு துணி வாங்கலாம் என்றாள் அகாய்தி. வேண்டாம், இது என் இலை, நான் போகும்போது இதை என் நெஞ்சு மேல் வை என்றாள் தங்கை. வைத்தாள் அகாய்தி. சவப்பெட்டிக்குள் தன் கையாலேயே போர்வையை விரித்து, ஆறு விரல் இலையை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டு, காதோரம் குனிந்து, மூடிட்டேன்டி, இனிக் குளிராது, தூங்கு என்று சொன்னாள். மெரெயானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. சாகும்போதும் போர்த்திவிடச் சொல்லித்தான் கேட்டாள்.

பிறகு அகாய்தி முகம் கழுவிவிட்டு வரப் போனாள். நான் பார்த்துக்கறேன், நீ போ என்று அனுப்பிவைத்தவள் தையல் தோழி தெபாயெரு. திரும்பி வந்தபோது பெட்டிக்கு ஆணி அடித்தாகிவிட்டது.

தெபாயெரு இப்போது மணப்பெண்ணின் அம்மா. மகளுக்குப் பின்னால் நின்று, வந்தவர்களின் பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தாள். கண் மங்கினாலும் கை மங்கவில்லையே உனக்கு என்றாள் பாதிரியாரின் மனைவி. தெபாயெரு சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுற்றிவந்து அகாய்தியின் முகத்தில் பட்டதும் அணைந்தது. அவள் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து தைத்தவள், ஒரே நூல்கண்டில் பாதி வெட்டிக் கொடுத்தவள், இப்படியும் செய்வாளா என்று அகாய்தி நினைத்தாள். கத்தியிருப்பாள். ஆனால் அந்தப் போர்வைக்குள் ஒரு பெண் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

மெரெயானாவின் கல்லறை வீட்டு முற்றத்திலேயே, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அன்று அதைத் தாண்டிப் படியேற அகாய்திக்குக் கூச்சமாக இருந்தது. எத்தனையோ நாள் காலையில் அந்தச் சிமெண்டைத் துடைத்துப் பூ வைத்து, குளிரலையே என்று விசாரித்திருக்கிறாள். அத்தனை நாளும் உள்ளே அவள் வெறும் உடம்போடு கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு. கோயில் முடிந்து, சாயங்காலம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் தெபாயெரு வந்தாள். தோளில் ஓர் அரிசிச் சாக்கு. படிக்கு வெளியிலேயே மழையில் நின்றாள்.

"உள்ள வரல. இத வாங்கிக்கோ."

அகாய்தி கையை நீட்டவில்லை. "எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"வைனேக்குப் போர்த்த ஒண்ணுமில்லாம எப்படிக் கட்டிக்கொடுப்பேன்? ஊசிக் காது எனக்குத் தெரியறதில்ல. அத வெளிய சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. செத்தவளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சுட்டேன்."

"அவ மேல வேற என்ன போட்ட?"

தெபாயெரு தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் போடல. ஆணி அடிக்க ஆளுங்க வந்துட்டாங்க."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது மட்டும் ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று அகாய்தி கேட்டாள். தெபாயெரு அரைகுறையாகச் சொன்னாள். ராத்திரி புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணே மூடவில்லையாம். போர்வையை யாரோ இழுத்துக்கொண்டே இருந்தார்களாம். பக்கத்திலிருந்து இல்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து. காலையில் பார்த்தால் ஒரு பக்கத்து ஓரத்தையல் முழுக்கப் பிரிந்து கிடந்ததாம்.

"மெரெயானா கூப்பிடறா, அகாய்தி. வைனே காதால கேட்டிருக்கா." சாக்கைப் படியில் வைத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்தாள். "என் பேரச் சொல்லல. அக்கா, அக்கான்னுதான் கூப்பிட்டாளாம்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அகாய்தி அதைப் பார்த்துவிட்டாள். திருடியதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

தெபாயெரு வேலியைத் தாண்டி மறைந்த பிறகு, சாக்கை உள்ளே இழுத்துவந்து பிரித்தாள். டியாரே பூ ஊறிய தேங்காயெண்ணெய் வாசனை முதலில் வந்தது. மெரெயானாவைக் குளிப்பாட்டிப் பூசிய எண்ணெய் அது. அதற்கு அடியில் ஈரச் சிமெண்டு வாசனை. துவைத்து, காயவைத்து, கல்யாணத்தில் போர்த்திய துணியில் அந்த வாசனை எப்படி மிஞ்சியது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. நாளைக்கே ஆள் கூப்பிட்டுக் கல்லறையைத் திறந்து உரியவளுக்குப் போர்த்திவிட வேண்டும், பாதிரியார் என்ன சொன்னாலும் சரி. ஆனால் தையல் பிரிந்த போர்வையைச் செத்தவர்களுக்குப் போர்த்துவதில்லை. இன்றைக்கே தைத்துவிட வேண்டும்.

வழக்கம்போல இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே தள்ளிப்போட்டு, குறுக்கே போர்வையை இழுத்துக் கட்டினாள். மிச்சத் துணி நான்கு பக்கமும் தரைவரை தொங்கியது. அக்காவும் தங்கையும் இப்படித்தான் தைப்பார்கள். ஊரில் வேறு யாரும் இப்படித் தைப்பதில்லை. அகாய்தி மேலே உட்கார்ந்து ஊசியைக் குத்தி இறக்குவாள். ஒல்லிப்பிச்சான் மெரெயானா அடியில் தாழம்பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வந்த ஊசியை வாங்கி, 'ம்' என்று ஒரு சத்தம் கொடுத்து, மேலே திருப்பி அனுப்புவாள். தலை நரைத்த பிறகும் அவள் இடம் அடியில்தான். தையல் குழுவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அடியில் ஆளில்லை. அகாய்தி இடது கையால் குத்தி, வலது கையை விளிம்புக்கடியில் விட்டு, ஊசியைத் தேடி எடுத்து மேலே தள்ளினாள். அவள் இடதுகைக்காரி, தையல் இடப்பக்கம் சாய்ந்து விழும். விளக்கைப் போட்டிருந்தாள். வெளியே மழை சற்றுத் தணிந்து, வாழையிலையிலிருந்து சொட்டும் சத்தமும், பக்கத்து வீட்டுக் கோழி சிறகை உதறும் சத்தமும், தூரத்தில் பவளப்பாறையில் அலை மோதும் ஓயாத இரைச்சலும் கேட்டன. விளிம்புக்கடியில் போன கைக்கு மட்டும் காற்று சில்லென்று பட்டது. வீட்டில் அப்படி ஒரு குளிர் எந்த மாசத்திலும் கிடையாது.

ஒரு தடவை கையை உள்ளே விடக் கொஞ்சம் தயங்கினாள்.

ஊசி தானாக மேலே வந்தது.

அகாய்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துணியைத் துளைத்துப் பாதி நீட்டிக்கொண்டு நின்றது. இழுக்காமல் காத்திருந்தது. அடியிலிருந்து மெதுவாக ஒரு சத்தம்.

"ம்."

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. ஊசியை வாங்கினாள். குத்தி இறக்கினாள். வந்தது. "மெரே," என்றாள், "உனக்குத்தான்டி தைக்கறேன். நாளைக்குக் கொண்டாந்து போர்த்திடறேன்."

"ம்."

எத்தனை நேரம் தைத்தார்கள் என்று தெரியாது. ஓரம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். நூலை முடிச்சுப்போட அகாய்தி ஊசிக்காகக் காத்திருந்தாள். அது எப்போதும் வரும் இடத்தில் வரவில்லை. ஒரு சாண் தள்ளி, அவள் மடிக்குப் பக்கத்தில் வந்தது. போயிற்று. இன்னும் பக்கத்தில் வந்தது. அவள் தொடாமலே வந்து போய்க்கொண்டிருந்தது. பின்னுக்கு நகரப் பார்த்தாள். முடியவில்லை. பாவாடை போர்வையோடு சேர்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். பொடிப்பொடித் தையல், இடுப்புவரை. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தவை.

அவள் தையல் இல்லை.

"நான் இல்லடி, மெரே. தெபாயெரு எடுத்துட்டா. அவளே இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனா. நான் போர்த்தினேன். சத்தியமா நான் போர்த்தினேன்."

ஊசி நின்றது. அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆறு விரல் இலை அவளுக்கு நேரே இருந்தது. அதற்கு அடியிலிருந்து, துணிமேல் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, அந்தக் குரல் வந்தது. கோபமில்லை. மனசு விட்டுப்போன குரல்.

"மூடிட்டேன்னு நீதானே அக்கா சொன்ன."

அகாய்தி பாவாடையைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரியவில்லை.

தெபாயெருவின் பெயரை இனி யார் கேட்கப்போகிறார்கள். திருடியவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். கூடப் பிறந்தவளே நம்பவில்லை.

ஊசி வந்தது. ரவிக்கையின் கை ஓரம். போயிற்று. வந்தது. மணிக்கட்டு. வலி இருந்தது, ரத்தம் இல்லை. நூல் மட்டும் தீரவேயில்லை. போர்வையின் நடுப்பகுதி தொய்ந்தது. பெஞ்சு உயரத்துக்கும் கீழே. தரைக்கும் கீழே. பச்சை இலைகள் ஒவ்வொன்றாக உள்ளே சரிந்தன.

அவளுடைய இடது கை இன்னும் தைக்கப்படாமல் இருந்தது. ஊசி அதன் முன்னால் வந்து நின்றது. முன்போலவே, பாதி நீட்டிக்கொண்டு, காத்துக்கொண்டு.

பழகிய கை. தானாகவே நீண்டு வாங்கியது. ஆறு விரல் இலையை அவள் மார்பின்மேல் இழுத்துவைத்து, அதில் குத்தி, கீழே இறக்கியது.

"ம்."