பட்டோட்டி சொன்ன அளவு

மயில்சாமி பொய் சொல்கிறார் என்று துளசிமணி முடிவு கட்டி மூன்று நாளாகிவிட்டது.

"வலிக்குதுன்னா வலிக்குது மணி. நானென்ன வேணும்னா சொல்றேன்?"

"அளவு அச்சு அசலா இருக்குதுங்க. நானே வெட்டுனது. அப்புறம் எப்படி வலிக்கும்?"

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த கணவருக்கு, மிச்சக் கால் உட்காரும் பொய்க்கால் கிண்ணத்தை அவளேதான் வெட்டியிருந்தாள். கோவையில் இப்போது வீட்டுக்கு வீடு, சொன்ன அளவுக்கு வெட்டித் தரும் செதுக்கி இயந்திரம் நிற்கிறது. முன்பெல்லாம் அது ஓடினால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அதன் ஸ்டெப்பர் மோட்டார் காலடி வைப்பதுபோல் எட்டு எட்டாகத் தாவி ஓடுவது. பெரிய எட்டு வைத்தால் வேகம் உண்டு, அதிர்ந்து பல்லைக் கடிக்கும். எட்டைப் பொடியாக்கினால் வழுவழுவென்று ஓடும், வேகம் கூட்டினால் தடுமாறும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றிருந்த காலத்தில் வந்து சேர்ந்தது பட்டோட்டி. மோட்டாரோடு பூட்டும் உள்ளங்கையளவு பெட்டி. வேகமும் தந்தது, வழுவழுப்பும் தந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஊரே வாயைப் பிளந்தது.

ஆஸ்பத்திரியில் மயில்சாமியின் காலை ஒளிக்கருவியால் அளந்தபோது அகலம் நூறு மில்லிமீட்டர். கிண்ணமும் நூறு. வலிக்கிறது என்றதும் ஆஸ்பத்திரியில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். கால் நூற்றொன்று காட்டியது. சதை வீங்கிவிட்டதாம். வெள்ளிக்கிழமை அந்த ஒரு மில்லிமீட்டர் சதையைச் சீவிவிடுவதாக டாக்டர் அருளரசி நாள் குறித்துவிட்டார்.

துளசிமணிக்குச் சந்தேகம் வேறு. கால் சரியானால் வேலைக்குப் போகவேண்டுமே, அதற்குத்தான் மனுஷன் நாடகம் போடுகிறார்! கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியே திரும்பி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

மயில்சாமி வாயில் துண்டைக் கடித்தபடி, பொய்க்காலோடு கூடத்தில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். யாரும் இல்லாத வீட்டில் யாருக்கு நாடகம்? சீ, என்ன பொம்பளை நான் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

அவர் பொய் சொல்லவில்லை என்றால் வேறு யார்?

கிண்ணத்தைத் தன் அளவுகோலால் மறுபடி அளந்தாள். நூறு. அட, இந்த அளவுகோலையும் பட்டோட்டிதானே வெட்டியது! புதுக் கருவி எது பூட்டினாலும் முதல் வெட்டு அளவுகோல் என்பது செதுக்கிக்காரர்களின் வழக்கம். பெயரைப் பொறித்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். பரணில் ஏறி, பள்ளிக்கூடக் காலத்து ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்தாள். அதிலிருந்த இரும்பு ஸ்கேலில் கிண்ணம் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. அப்படியானால் அவள் அளவுகோல் காட்டும் நூறும் நிஜத்தில் தொண்ணூற்றொன்பதுதான்.

மோட்டார் தண்டில் பென்சிலால் கோடு போட்டு, நூறு மில்லிமீட்டர் ஓடச் சொன்னாள். அதற்குத் தண்டு முழுச் சுற்றுகளாகச் சுற்றி நிற்க வேண்டும். மெதுவாக ஓட்டியபோது கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. வேகமாக ஓட்டியபோது அந்த இடத்துக்கு வந்து சேராமல் நின்றது. இயந்திரத்தின் திரை மட்டும் கூசாமல் நூறு என்றது. தடுமாறி விட்டுப்போன எட்டுகளைப் பட்டோட்டி ஒரே இடத்தில் விடவில்லை. வெட்டு முழுக்கப் பரப்பி மறைத்துவிட்டது. அதனால்தான் ஒரு பிசிறும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பட்டோட்டி வாங்கிப் பூட்டியவன் எவன் மெதுவாக ஓட்டுவான்?

அவள் ஓட்டினாள். இருபது நிமிட வேலைக்கு நாலு மணி நேரம் பிடித்தது. புதுக் கிண்ணத்தை மாட்டிய மயில்சாமி, வாசல்வரை நடந்து திரும்பி வந்தார்.

"வலிக்கலை புள்ள!"

துளசிமணி ஓவென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த கையோடு டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"எந்த ஸ்கேல்ல அளந்தீங்கம்மா?"

"பழைய இரும்பு ஸ்கேலுங்க டாக்டர்."

அருளரசி சிரித்தார். "அதையெல்லாம் நம்பாதீங்க. எங்க அளவு தப்பவே தப்பாது. போன வருஷம் நீங்களே குடுத்தீங்களே, உங்க பேர் போட்ட அளவுகோல், அதுலதான் அளக்கறோம். அதை வெச்சு இதுவரைக்கும் பதினோரு பேருக்குச் சீவியாச்சு. அப்புறம் ஒருத்தருக்கும் வலியே இல்லை."

"ஏம்புள்ள, வெள்ளிக்கிழமை போக வேண்டாம்தானே?" என்று சிரித்துக்கொண்டே நடந்து வந்தார் மயில்சாமி.

துளசிமணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பதினோரு பேர் யார் யாருன்னு சொல்லுங்க டாக்டர்" என்றாள்.