கிரிசாந்தோவின் கணக்கு

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில், கொலோன் தெருவிலிருந்த அந்தப் பழைய கட்டடத்துக்கு லூர்தலின் என்ற பெண் வேலையில் சேரப் போன அன்று விடிந்ததிலிருந்தே புயல்மழை. பகலிலும் படிக்கட்டில் விளக்கு எரிந்தது. கீழ்ப்படியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"புதுசா வர்றவங்களா? அவர் இடத்துக்கு?" என்று எழுந்தாள். "நான் கிரிசாந்தோ சம்சாரம், நெனிதா. பாப்பாவுக்குப் பாடின பாட்டையெல்லாம் அவர் ஆபீஸ் மெஷின்லதான் பதிஞ்சு வச்சிருக்காரு. வீட்டுல அவர் குரலே இல்ல, தங்கச்சி. என்னை மேல விட மாட்டேங்கிறாங்க. அதை மட்டும் எடுத்துக் குடுத்திடுங்க."

"எடுத்துட்டு வரேன்க்கா."

நாலாவது மாடியில் யாரும் தலைநிமிரவில்லை. மேலாளர் வில்மர் மூலை மேசையைக் காட்டினார். நாற்காலியில் கழுத்துவலித் தைலத்தின் காரநெடி இன்னும் போகவில்லை.

பக்கத்து மேசைக்காரன் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான். "இதே நாற்காலியிலதான் போயிட்டான். தூங்குறான்னு நெனச்சு சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்பல."

வில்மர் அவள் பின்னால் வந்து நின்றார். "அவன் கணக்கை அழிச்சிட்டு உன் கணக்கைத் தொடங்கு. மதியமே வேலை ஆரம்பிக்கணும்."

"சார், அவரு பாடின பாட்டு கொஞ்சம் உள்ள இருக்காம். அவங்க வீட்டுல கேக்குறாங்க..."

"இன்னிக்குப் பாட்டுன்னு கேப்பா. நாளைக்கு, எம் புருஷன்கிட்ட எத்தனை மணி வரைக்கும் வேலை வாங்குனீங்கன்னு கேப்பா. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

மாதக்கணக்காக அலைந்து கிடைத்த வேலை அது. லூர்தலின் டெர்மினலைத் திறந்தாள். கருப்புத் திரையில் கிரிசாந்தோவின் கணக்கையும் அதிலிருந்த எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினாள்.

கணினி மறுத்தது. இந்தப் பயனர் தற்போது வேலையில் இருக்கிறார் என்றது.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று, அவள் நுழைந்திருந்த நிர்வாகிக் கணக்கு. மற்றது கிரிசாந்தோ. வெளியிலிருந்து வரவில்லை. இதே மேசை, இதே விசைப்பலகை.

பழைய நிரல் ஏதாவது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவன் பெயரில் இருந்த அத்தனையையும் ஒரே கட்டளையில் நிறுத்தினாள். திரும்பப் பார்த்தாள்.

இருந்தான்.

மறுபடி நிறுத்தினாள்.

இருந்தான்.

தைலநெடி இப்போது அவள் பிடரிக்கு அருகில் வந்திருந்தது. விசைகள் வெதுவெதுப்பாக இருந்தன, யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல.

"சார்," என்றாள். "யாரோ உள்ள இருக்காங்க."

"ஆமா, பேய் உக்காந்து புரோகிராம் எழுதுது! தள்ளு."

வில்மர் அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, வலுக்கட்டாயமாக அழிக்கச் சொல்லும் எழுத்தைச் சேர்த்து விசையை அழுத்தினார். கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடின. எல்லாம் 'பாப்பா' என்றே தொடங்கின.

ஒலிபெருக்கி அணைந்துதான் இருந்தது.

ஆனாலும் அவளுக்குப் பாட்டு கேட்டது. கரகரத்த ஆண்குரல், தாலாட்டு. பெயர் ஒன்று மறையும்போதெல்லாம் ஒரு வரி அறுந்தது. கடைசியில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வில்மர் கொட்டாவி விட்டபடி நகர்ந்தார்.

லூர்தலின் கீழே இறங்கிப் போனாள். "ஒண்ணும் இல்லக்கா. மெஷின் முன்னாடியே கெட்டுப்போயிருந்திச்சு."

 நெனிதா பையிலிருந்து, ஓலைக்கூட்டில் வெந்த சோற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க, தங்கச்சி. அவரு கேக்கவே இல்ல."

குழந்தை லூர்தலினின் தோளுக்குப் பின்னால் இருந்த வெற்றுப் படிகளைப் பார்த்துக் கை நீட்டியது.

அவள் மேலே ஓடினாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தாள். கணினியின் வட்டு முழுவதையும் அழித்தாள். இயங்குதளத்தை அடியிலிருந்து புதிதாக நிறுவினாள். தன் பெயரில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தாள். அதற்குள் மழை விட்டு, ஜன்னலில் மாலை வெயில் விழுந்தது.

புதுக் கணினியில் எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று அது சொல்லும். அவளும் தட்டினாள்.

நான் யார்?

கிரிசாந்தோ.